குற்றாலத்தில் கறுப்பு வெள்ளை: கேள்வி பதில்

கே: கலரில் நன்றாக வரும் அருவிப் படம், கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சாம்பல் பூத்துப்போகிறதே, ஏன் சார்?

ப: கலரில் உங்களைக் காப்பாற்றியது பச்சை. அதை எடுத்துவிட்டால் இலையும் பாறையும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான். தண்ணீரைக் கொஞ்சம் மறந்துவிட்டுப் பாறையைப் பாருங்கள். பேரருவியில், பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் விழுந்து எழும்பி இறங்கும் தண்ணீரின் ஓரத்தில் நனைந்த பாறை கரியாகக் கறுத்திருக்கும். நாலடி தள்ளிக் காய்ந்த பாறை வெளிறிக் கிடக்கும். அந்த ஈரக் கறுப்பு ஃப்ரேமுக்குள் இருந்தால்தான் வெள்ளை எடுபடும். ஈரப்பாறையில் வானம் பளபளத்துக் கறுப்பைக் கெடுக்கும். லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டரைத் திருகி, மினுக்கம் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதி); போகட்டும். வெயிலில் எடுக்கவே எடுக்காதீர்கள், சாரல் மூட்டம்தான் சரியான வெளிச்சம். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்க வெளுத்த நுரையை, கேமரா மாற்றாமல் சேமிக்கும் ரா ஃபைலாலும் மீட்க முடியாது.

கே: என்ன கேமரா வாங்கலாம்?

ப: கையில் இருப்பது போதும்.

கே: ஃபிலிமில் எடுக்கிறேன். பச்சை ஃபில்டரா, சிவப்பா?

ப: பச்சை ஃபில்டர் இலையை வெளுக்கவைக்கும், சிவப்பு கறுக்கவைக்கும். குற்றாலத்தில் சிவப்பு போட்டால் காடு முழுக்க மைக்குழம்பு. பச்சை போடுங்கள். இன்னொன்று, எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மீட்டர் பத்து வினாடி காட்டினால் இருபது வினாடி திறந்து வையுங்கள். நேரம் கூடக்கூட ஃபிலிம் சோம்பல்படும்.

கே: வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர் போட்டால் எவ்வளவு நேரம் திறக்கணும் அண்ணே? பால் மாதிரி வரணும்.

ப: ஆறு ஸ்டாப் குறையும். ஃபில்டர் இல்லாமல் 1/60 வினாடி என்றால், போட்டதும் ஏறக்குறைய ஒரு வினாடி. ஆனால் பால் எதற்கு? பேரருவிக்குள் தலையைக் கொடுத்திருக்கிறீர்களா? முதுகில் இடி இடியென்று இடிக்கும். அதைப் பட்டுத்துணியாகக் காட்டுவது அருவிக்குச் செய்யும் துரோகம். 1/8 வினாடி வையுங்கள், இழை இழையாக விழுவது தெரியும்.

கே: துரோகமெல்லாம் பெரிய வார்த்தை சார். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதுதானே படம்? கறுப்பு வெள்ளையே பொய்தானே?

ப: நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். மெல்லிய நீரோட்டம் பாறைமேல் வழியும் இடத்தில் நானும் இரண்டு வினாடி வைத்திருக்கிறேன். ஆடியில் பெருகி வரும் பேரருவிக்கு மட்டும் வேண்டாம். அந்தக் கனம் போய்விட்டால் மிச்சம் பஞ்சுமிட்டாய்.

கே: நானும் பால் கட்சிதான். ஐந்தருவியில் ஐந்து கிளையும் தனித்தனித் துணி மாதிரித் தொங்கும், பார்த்திருக்கிறீர்களா?

ப: பார்த்தேன். காலண்டருக்கு நன்றாக இருக்கும்.

கே: லென்ஸில் சாரல் தெறிக்கிறதே?

ப: எடுக்காத நேரம் அருவிக்கு முதுகைக் காட்டுங்கள். துடைக்க நாலு உலர்ந்த துணி. கைலி முனையால் துடைத்து ஒரு லென்ஸைக் கீறியவன் சொல்கிறேன்.

கே: மக்களும் சேர்ந்து வரட்டும் என்று தூரத்திலிருந்து டெலிலென்ஸில்...

ப: குளிக்கிறவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். முகம் தெரியாவிட்டாலும் எடுக்காதீர்கள். பாசிப்பாறையில் ட்ரைபாடோடு ஏறவும் ஏறாதீர்கள்.

கே: சார், 25 ஆயிரத்துக்குள் நல்ல கேமரா?

ப: மேலே பதில் இருக்கிறது.

கே: மொபைலில் எடுத்தால் வருமா?

ப: வரும். கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து, டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். குரங்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.