டேங்க்கில் கை வைப்பதற்கு முன்: பழைய மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்

பெங்களூரு நண்பர்கள் பழைய வண்டிகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். "என்ன விலை போகும்?" என்று மட்டும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வண்டியை நேரில் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை.

அப்பாவின் 1969 ஜாவா 250 பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டின் பின்புறம் நிற்கிறது. முழுக்கப் பெயின்ட் அடித்து, குரோம் போட்டால் விலை கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (விவேக்நகர்)

தம்பி, அவசரப்படாதீர்கள். ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் அந்த டேங்க்கை ஒருமுறை பாருங்கள். பக்கங்களில் குரோம், மேலே மெரூன் வண்ணம், இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய தங்கநிறக் கோடு. அந்தக் கோடு இன்னும் இருந்தால் உங்கள் கையில் இருப்பது பெரிய சொத்து. அது மைசூர் யாதவகிரி தொழிற்சாலையிலேயே போடப்பட்டது. 1961இல் அங்கே வண்டி உற்பத்தி தொடங்கியது. 1973வரை ஜாவா என்ற பெயரிலும் அதன்பின் யெஸ்டி என்ற பெயரிலும் வண்டிகள் வந்தன. 1996இல் ஆலை மூடப்பட்டது. அந்த வண்ணத்தை இனி யாராலும் திரும்பப் போட முடியாது. அதைப் போல ஒன்றை வேண்டுமானால் செய்யலாம்.

இளவயதில் நானும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். நல்ல நிலையில் இருந்த ஒரு டேங்க்கை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். கழுத்தோரம் அரைவிரல் நீளத்துக்கு அந்தத் தங்கக்கோடு மிஞ்சியிருந்ததை, அதுவும் போன பிறகுதான் கவனித்தேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

குரோம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முலாம் போடுகிறவர்கள் முதலில் பழைய முலாமை எடுத்து, துருவைத் தேய்த்து, தகட்டைச் சமமாக்குவார்கள். அதன்மேல்தான் செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காக ஏறும். ஐம்பது ஆண்டுத் துரு தின்ற தகட்டை அப்படித் தேய்த்தால் சில இடங்களில் ஓட்டை விழும். புள்ளி புள்ளியாகத் துரு இருந்தாலும் பழைய குரோம் அப்படியே இருக்கட்டும்.

எஞ்சின், பிரேக், வயரிங், டயர் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். ஓடாத வண்டியை ஓடவைப்பதில் தவறே இல்லை. 2023 ஜனவரியில் லாஸ் வேகாஸ் ஏலத்தில் 1908ஆம் ஆண்டு ஹார்லி டேவிட்சன் ஒன்று 9,35,000 டாலருக்குப் போனது. அதுவும் புதுப்பிக்கப்பட்ட வண்டிதான். ஆனால் அதன் டேங்க், சக்கரங்கள், இருக்கை உறை எல்லாம் அந்தக் காலத்தின் அசல் பாகங்கள். கொடுத்த பணம் அதற்குத்தான்.

முப்பது ஆண்டு ஆகிவிட்டால் எந்த வண்டிக்கும் மதிப்பு வந்துவிடுமா? (கே.ஆர். புரம்)

வராது. வயது ஒரு தகுதி மட்டுமே. எண்ணிக்கையில் குறைந்திருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக யாராவது அதற்காக ஏங்கியிருக்க வேண்டும். யமஹா ஆர்எக்ஸ் 100ஐப் பாருங்கள். 1985 முதல் 1996வரை வந்த, 98 சிசி எஞ்சின் கொண்ட சின்ன வண்டி. அபூர்வமானது என்று சொல்லவே முடியாது. ஆனால் அன்று கல்லூரி வாசலில் நின்று அதன் சத்தத்தைக் கேட்டு ஏங்கிய பையன் இன்று ஐம்பதைத் தொட்டுவிட்டான், கையில் பணமும் இருக்கிறது. விலையை ஏற்றுவது அவன்தான். அதே காலத்தில் வந்த எத்தனையோ வண்டிகள் நன்றாக உழைத்தன, எரிபொருளை மிச்சப்படுத்தின. அவற்றை நினைத்து யாரும் தூக்கம் கெடவில்லை.

ராஜ்தூத் 350 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. "எச்டி மாடல், முன்னால் டிஸ்க் பிரேக், எல்லாமே ஒரிஜினல்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? (அல்சூர்)

அவர் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. ராஜ்தூத் 350 என்பது யமஹா ஆர்டி 350இன் இந்திய வடிவம். ஜப்பானில் ஆர்டி 350க்கு முன்சக்கர டிஸ்க் உண்டு. 1983இல் இங்கே எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350க்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். எனவே அந்த டிஸ்க் பிறகு பொருத்தப்பட்டது. அதைப் பொருத்தியவர் நல்ல எண்ணத்தில், பாதுகாப்புக்காகவே செய்திருக்கலாம். டிரம் பிரேக் அந்த எஞ்சினின் வேகத்துக்குப் போதாது என்பது உண்மையே. ஆனால் அதை ஒரிஜினல் என்று சொல்வது தவறு.

எச்டி (ஹை டார்க்) என்றால் 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த எல்டி (லோ டார்க்) 27. வண்டியின் பக்கப் பெட்டியில் ஒட்டிய எழுத்தை நம்பாமல் எண்களிலிருந்து தொடங்குங்கள். ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் எண்ணைச் சுற்றி ராவிய கோடுகள் இருந்தால் தெரியும். இலக்கங்களின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறுபட்டாலும், எண் இருக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் தடித்திருந்தாலும் காசு கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். எண் மாற்றிய வண்டிக்கு மதிப்பு இல்லை என்பதோடு போகாது. போலீஸ் நிலையம்வரை கொண்டுபோய் விடும்.

என் புல்லட்டில் கியர் வலது பக்கம் இருந்தது. பழக்கம் இல்லாததால் இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். மதிப்பு போய்விட்டதா? (ஜாலஹள்ளி)

குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. கழற்றிய பாகங்கள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. நட்டு, வாஷர் உள்பட எல்லாவற்றையும் எண்ணெய் தடவி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். வாங்குகிறவர் அந்தப் பெட்டியோடு சேர்த்துத்தான் வண்டியை மதிப்பிடுவார். பட்டறையிலேயே விட்டிருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். சிவாஜிநகர் குஜிரிக்கு, அதாவது பழைய இரும்புக் கடைகளுக்கு, போய்விட்டால் தேடிப் பிடிப்பது கடினம்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்குத் தனி நம்பர் வாங்கலாம் என்கிறார்களே? (ஃப்ரேசர் டவுன்)

2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும். 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட வரிசை புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் விண்டேஜ் என்று பதிவு செய்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நந்தி மலைக்கு ஒரு சுற்றுப் போய்வர நினைப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரணப் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா? (ஒயிட்ஃபீல்டு)

எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

முதலீடாக ஒன்றிரண்டு வாங்கிப் போடலாமா? (எலெக்ட்ரானிக் சிட்டி)

வேண்டாம். ஓட்டாமல் பூட்டிவைத்த டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் சீல் காய்ந்து இறுகும், டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். பிடித்த வண்டியாக இருந்தால் வாங்கி ஓட்டுங்கள்.

என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய 1979 யெஸ்டி ரோட்கிங் இருக்கிறது. மகன் வைத்துக்கொள்ள விரும்புகிறான். ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய ரசீதுகள் கிடக்கின்றன. வீட்டைச் சுத்தம் செய்யும்போது எறிந்துவிடலாமா? (ஸ்ரீராமபுரம்)

அம்மா, அந்தப் பெட்டியைப் பத்திரமாக வையுங்கள். முதல் வாங்குதல் ரசீது, சர்வீஸ் புத்தகம், பழைய இன்ஷூரன்ஸ், சாலை வரிச் சீட்டு, உங்கள் கணவர் அந்த வண்டியில் இருக்கும் புகைப்படம், எதுவானாலும் சரி. முதல் நாளிலிருந்து ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. இருக்கைக்கு அடியிலோ பக்கப் பெட்டியிலோ பழைய ஸ்பேனர்கள் இருந்தால் அவையும் அங்கேயே இருக்கட்டும்.

முதலில் ஆர்.சி.யைப் பெயர் மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதமாகிவிட்டது, அபராதம் கேட்கலாம், கட்டிவிடுங்கள். இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் நகலெடுத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டி எண்ணை மாற்றித் தருகிறோம் என்று எந்தத் தரகர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பழைய பெங்களூரு எண்ணாக இருந்தால், அது உங்கள் கணவர் பதிவு செய்த நாளில் கிடைத்தது. அப்படியே மகன் பெயருக்கு மாறட்டும்.