சம்பளத்தோடு லீவ், சம்பளம் இல்லாத லீவ்: பேரோலில் எங்கே சறுக்குகிறது?

பேரோல் (ஊழியர் சம்பளக் கணக்கு) மென்பொருளை நிறுவிக் கொடுப்பதுதான் எனக்குப் பல வருட வேலை. லீவ் செட்டிங்ஸ் பற்றி வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன். கணக்குக்கு மாதச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொள்வோம்.

கேள்வி: ஒருவர் 2 நாள் சம்பளம் இல்லாத லீவ் எடுத்தார். மென்பொருள் 1,935.48 பிடித்தது. நான் எக்ஸெலில் போட்டால் 2,727.27 வருகிறது. எது சரி?

இரண்டும் சரி, அதுதான் சிக்கல். மென்பொருள் மாதத்தின் 31 நாளால் வகுத்திருக்கிறது, நீங்கள் 22 வேலை நாளால் வகுத்திருக்கிறீர்கள். எப்போதும் 30 என்று வைத்திருக்கும் இடத்தில் இதே லீவுக்கு 2,000 பிடிப்பார்கள். எந்த எண் என்பதை மென்பொருளைக் கேட்காதீர்கள். அது உங்கள் லீவ் விதியிலும் உங்கள் ஊர்ச் சட்டத்திலும் இருக்க வேண்டிய விஷயம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எதால் வகுக்கிறீர்களோ, லீவ் நாளையும் அதே கணக்கில்தான் எண்ண வேண்டும். வெள்ளியும் திங்களும் வரவில்லை, நடுவில் சனி, ஞாயிறு விடுமுறை. 31-ஆல் வகுத்தால் 4 நாள் எண்ணலாம், 3,870.97 போகும். 22-ஆல் வகுத்தால் 2 நாள்தான், 2,727.27. ஆனால் வகுப்பது 22-ஆல், எண்ணுவது 4 நாள் என்று இரண்டையும் கலந்துவிட்டால் 5,454.55 பிடித்துவிடும். என்னிடம் வரும் புகார்களில் பாதி இந்த ரகம்.

கலவை எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். 31-ஆல் வகுத்து, வேலை நாளை மட்டும் எண்ணினால், மாதம் முழுக்க வராதவருக்கு 22 நாள்தான் பிடிப்பார்கள். அவர் கையில் 8,709.68 போய்ச் சேரும். அதனால் எந்த மென்பொருளானாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான்: மாதம் முழுவதும் வராத ஒரு ஆளைச் சோதனைக்குப் போட்டுப் பார்ப்பேன். பூஜ்யம் வரவில்லை என்றால் மற்ற எதையும் தொடமாட்டேன்.

கேள்வி: நாங்கள் 30 என்று நிலையாக வைத்திருக்கிறோம். பிப்ரவரி முழுவதும் வராதவருக்கு 2,000 சம்பளம் வந்திருக்கிறது!

28 நாள் பிடித்தது, மீதி 2 நாள் தப்பித்தது. நிலையான 30-இன் பிறவிக் குணம் இது. 31 நாள் மாதத்தில் இன்னும் மோசம்: ஒரு நாள் வேலை பார்த்து 30 நாள் வராதவருக்கு ஒன்றுமே கிடைக்காது. லீவ் பாதி மாதத்தைத் தாண்டினால், பிடித்தத்தைக் கணக்கிடாமல் வேலை பார்த்த நாளை எண்ணி, நாளுக்கு 1,000 கொடுக்கும்படி ஃபார்முலாவில் ஒரு நிபந்தனை போடுங்கள். அந்த விதியை எழுத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சம்பளத்தோடு லீவுக்கு ஒரு தனி பே ஐட்டம் (பே ஸ்லிப்பில் வரும் ஒரு சம்பள வரி) உருவாக்கினேன். ஒரு நாள் லீவ் எடுத்தவருக்கு 31,000 வந்துவிட்டது.

லீவ் எடுத்ததற்குப் பரிசு கொடுத்திருக்கிறீர்கள்! மாதச் சம்பளக்காரருக்கு 30,000-க்குள்ளேயே அந்த நாளின் சம்பளம் இருக்கிறது. மேலே 1,000 கூட்டினால் அடிப்படைச் சம்பளத்தில் 1,000 குறைத்தாக வேண்டும். அப்படி இரண்டு வரியாகக் காட்ட விருப்பம் இல்லை என்றால், ஐட்டத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கி, நாளை மட்டும் பே ஸ்லிப்பில் காட்டுங்கள். லீவ் இருப்பு குறைந்தால் போதும்.

மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு இது நேர் எதிர். அவர் வராத நாளுக்கு மணியே பதிவாகாது, அதனால் லீவ் சம்பளத்தைக் கூட்டியே ஆக வேண்டும். இரு தரப்பையும் ஒரே லீவ் வகையில் போட்டதுதான் உங்கள் தவறு என்று நினைக்கிறேன். பிரித்து விடுங்கள்.

கேள்வி: நாள் சம்பளத்தை முழு எண்ணாக ரவுண்டு செய்யலாமா?

வேண்டாம். 967.74-ஐ 968 ஆக்கினால், 31 நாளும் வராதவர் உங்களுக்கு 8 பாக்கி வைத்ததாக மென்பொருள் சொல்லும். ரவுண்டிங் கடைசியில், ஒரே ஒரு முறை.

கேள்வி: இருப்பு 2 நாள், கேட்டது 5 நாள். மென்பொருள் விண்ணப்பத்தையே நிராகரிக்கிறது.

இருப்பு போதாதபோது மீதியைச் சம்பளம் இல்லாத லீவாக மாற்றும் விருப்பத்தை இயக்குங்கள்: 2 சம்பளத்தோடு, 3 இல்லாமல். ஆனால் மேலாளர் ஒப்புதல் தரும்போது அந்த 3 அவர் கண்ணில் பட வேண்டும், ஊழியருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். சம்பள நாளன்று தெரிந்தால் சண்டைதான். இருப்பை மைனஸில் போக விடுபவர்களும் உண்டு. வேலையை விட்டுப் போகும்போது அதைக் கழிக்க விதி இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: 25-ஆம் தேதி கட்-ஆஃப், அதற்குப் பிறகு எடுக்கும் லீவ் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வரும். மார்ச் 28 வராதவருக்கு ஏப்ரலில் 1,100 பிடித்திருக்கிறது. ஏன்?

ஏப்ரலில் அவருக்குச் சம்பளம் 33,000 ஆகியிருக்குமே? 33,000-ஐ 30-ஆல் வகுத்திருக்கிறது. வராத நாள் மார்ச்சில், அப்போது சம்பளம் 30,000, மாதம் 31 நாள். பிடிக்க வேண்டியது 967.74. பிந்தி வரும் திருத்தத்தில் லீவ் தேதியைக் கட்டாயப் புலமாக்கி (நிரப்பாமல் விட முடியாத இடமாக்கி), அந்தத் தேதியின் விகிதத்தை எடுக்கச் சொல்லுங்கள். தப்பாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இதே கதைதான்.

கேள்வி: 16-ஆம் தேதி சேர்ந்தவருக்குப் பாதிச் சம்பளத்திலிருந்து மறுபடியும் பாதி போய்விட்டது.

1 முதல் 15 வரை அட்டெண்டன்ஸ் கோப்பில் ஆப்சென்ட் என்று ஏறியிருக்கும். சேர்ந்த தேதிக்கு முந்தைய வரிகளை இறக்குமதியிலேயே தள்ளிவிடுங்கள்.

கேள்வி: ஒருவர் வாரம் 4 நாள், நாளுக்கு 10 மணி நேரம். மற்றவர்கள் 5 நாள், 8 மணி நேரம். எல்லோருக்கும் 10 நாள் லீவ் கொடுத்தோம்.

அவருக்கு 100 மணி, மற்றவர்களுக்கு 80 மணி கொடுத்திருக்கிறீர்கள். இருப்பை மணியில் வையுங்கள். 80 மணி என்றால் அவருக்கு 8 நாள். வாரக் கணக்கில் எல்லோருக்கும் 2 வாரம்தான்.

கேள்வி: சம்பளம் இல்லாத லீவ் வந்தால் கடன் தவணையும் குறைகிறதே, சரியா?

தவறு. தவணையின் மீது நாள் விகிதம் (வந்த நாளுக்கு ஏற்பக் குறைப்பது) என்ற குறி விழுந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு நீண்ட லீவில் இருப்பவருக்கு நிகரச் சம்பளம் மைனஸில் போகும். அப்போது தவணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதா, கிடைப்பதை மட்டும் எடுப்பதா என்று மென்பொருள் கேட்கும். கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.