மாட்டுக் களவுக்கு ஜிபிஎஸ் சரிவருமோ? நான் பட்டதைச் சொல்லுறன்

"பட்டியில மாடு களவு போகுது, கழுத்தில ஜிபிஎஸ் கட்டினால் பிடிக்கலாமோ?" எண்டு கேட்டிருக்கிறீங்கள். இப்பிடிக் கேக்கிற ஆள் ஏற்கெனவே ஒண்டு ரெண்டைப் பறிகுடுத்த ஆளாத்தான் இருப்பீங்கள்.

நான் கட்டிப் பார்த்தனான். முல்லைத்தீவில ஒட்டுசுட்டான் பக்கம், முப்பதுக்குக் கிட்ட மாடு. மாட்டுக்கெண்டு விக்கிற ஜிபிஎஸ் பட்டையின்ர விலை எனக்குக் கட்டாது. மோட்டச்சைக்கிளுக்குப் பூட்டுற கருவியை பற்றரியோட பிவிசி குழாய்த் துண்டுக்குள்ள வைச்சு, சைக்கிள் ரியூப்பால இறுக்கி, மணி கட்டின முன்மாட்டின்ர கழுத்தில தொங்கவிட்டன். படிச்ச ஆக்கள் சிரிக்கலாம். மழைக்கு ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகேல்லை.

இடத்தைக் கண்டுபிடிக்கிறது செய்மதியால; அதைப் போனுக்கு அனுப்புறது உள்ளுக்குக் கிடக்கிற சிம். முத்தையன்கட்டுக் காட்டுக்குள்ள மாடு இறங்கினா சிக்னல் இல்லை, கடைசியா நிண்ட இடந்தான் காட்டும். ஏர்டாக் எண்டு அப்பிள் கொம்பனியின்ர சின்ன வில்லை, அதை வாங்கச் சொன்னவையும் இருக்கினம். அது பக்கத்தில ஆற்றையும் ஐபோன் போனாத்தான் இடம் சொல்லும். அங்க குரங்குதான் போகுது.

மார்கழியில ஒருநாள், சாமம் 2 மணி. போன் அடிச்சுது. முன்மாடு மாங்குளம் றோட்டில மணிக்கு 45 கிலோமீற்றரில போகுது! பட்டா எண்டுற சின்ன லொறியில ஏத்திப்போட்டாங்கள். தம்பியும் நானும் கலைச்சுப் போனம். கரிப்பட்டமுறிப்புப் பக்கம் புள்ளி அசையாமல் நிண்டுது. போய்ப் பார்த்தா மதகுக்குக் கீழ குழாய் மட்டும் கிடக்கு, வார் வெட்டுப்பட்டு, பச்சை லைற் மினுங்கிக்கொண்டு. முன்மாட்டோட இன்னும் ரெண்டு பசு போட்டுது.

பொலிஸில முறைப்பாடு குடுக்கப் போன இடத்தில அங்க இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "மாட்டில சுட்ட குறி என்ன?" போன் இருக்கேக்க வாயில்லாச் சீவனை ஏன் சுடுவான் எண்டு விட்டிட்டன். 2010 இல ஊருக்குத் திரும்பேக்க, சண்டைக்குள்ள விட்டிட்டு ஓடின மாடுகளை அப்பா குறியைப் பார்த்துத்தான் பிரிச்சுப் பிடிச்சவர். அந்த மனுசன்ர பிள்ளை நான்! போனில வரைபடத்தைக் காட்டினன். "இது குழாய் போன பாதை, மாடு உம்மடையெண்டதுக்கு என்ன இருக்கு?" எண்டார். குறிசுடுறது 1958 ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்திலயே கிடக்கு, அவரிலயும் பிழையில்லை.

தொழில்நுட்பம் கூடாதெண்டு நான் சொல்லேல்லை, அப்பிடிச் சண்டைக்கு வராதேங்கோ. ஆனா காலபோகம், அதுதான் மாரி நெல் விதைப்பு, தொடங்கினா வயலுக்குள்ள மாடு விடேலாது, காட்டுக்கரைக்குத்தான் கலைக்கவேணும். மேய்ச்சல் தரைக்கு ஒரு துண்டு ஒதுக்கித் தாங்கோ எண்டு எத்தினை கூட்டத்தில கேட்டாச்சு. தேத்தண்ணி மட்டும் தந்தவை. பட்டி வீட்டுக்குக் கிட்ட நிண்டா செய்மதி எனக்கென்னத்துக்கு?

கட்டுறதெண்டால் முன்மாட்டில கட்டாதேங்கோ, களவெடுக்கிறவன் முதல் பிடிக்கிறது அதைத்தான். குறியையும் சுட்டுவிடுங்கோ. சிம்முக்குக் காசு போட மறக்காதேங்கோ, ஒருக்கா நான் அதையும் மறந்தனான்.