கூண்டு கேட்கும் வாசகிக்கு

கேள்வி: அன்றாடம் எடுக்கும் சின்ன முடிவுகளையும் யோசித்து எடுக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். சீசன் வந்தால் மலைக்கு எத்தனை ஆயிரம் வண்டி ஏறுகிறது, அவர்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பை எவ்வளவு! நான் ஒருத்தி யோசித்து என்ன ஆகப்போகிறது? அதை விடுங்கள். எங்கள் தெருவில் ராத்திரியானால் கரடி நடமாட்டம். வாசலில் வைக்கும் குப்பைப் பையைக்கூட விட்டுவைப்பதில்லை. கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்லி நீங்கள் எழுதக் கூடாதா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, இரண்டு கேள்வி கேட்டதாக நினைத்திருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ‘வாசலில் வைக்கும் குப்பைப் பை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் அந்தப் பையை முடிச்சுப் போட்டு வாசல் கம்பியில் மாட்டுகிறோம். காலையில் குப்பை வண்டி வரும்போது தூக்கம் கெட வேண்டாமே என்றுதான். அது ஒரு முடிவு என்றே நமக்குப் படுவதில்லை. கை பாட்டுக்குச் செய்துவிடுகிறது. போன மாதம் உங்கள் ஊரில் ஒரு சரிவுத் தெருவில் விடிகாலையில் நடந்தேன். கிழிந்த பை ஒன்று கிடந்தது. பப்பாளித் தோல், சாம்பார் சோறு, மீன் செதில், அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஊற்றிக் கட்டிய ஒரு பாக்கெட். அந்தப் பாக்கெட்டை மட்டும் நக்கி நக்கிக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தது. பையின் மீதி, கீழே தேயிலைச் செடியில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

கரடிக்குக் காட்டில் சாப்பாடு கறையானும் எறும்பும்தான். அப்புறம் தேன், நாவல் பழம், உண்ணிப் பழம். மேல்வரிசையில் நடு முன்பல் இரண்டு அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் புற்றுக்குள் இருக்கும் கறையானை உறிஞ்சி எடுக்கும். வயிறு நிறைய எத்தனை புற்றைத் தோண்ட வேண்டும், எவ்வளவு தூரம் அலைய வேண்டும், யோசித்துப் பாருங்கள். உங்கள் பையில் ஐந்து நிமிஷத்தில் வயிறு நிறைகிறது. கண் சுமார்தான், மூக்கு அபாரம். எண்ணெய் வாசனைக்கு எங்கிருந்தாலும் வந்துவிடும். விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைத்த கரடிகளைப் பற்றி நீலகிரியில் கேள்விப்படாதவர் உண்டா? தாய்க்கரடி குட்டியை முதுகில் சுமந்துகொண்டு திரியும். இரண்டு வருஷம் போல அம்மாவோடு இருக்கும் குட்டி, அம்மா எங்கே சாப்பிடுகிறதோ அதைத்தான் காடு என்று கற்றுக்கொள்ளும். உங்கள் வாசலில் இப்போது அந்தப் பாடம் நடக்கிறது.

கூண்டு வைத்து இந்தக் கரடியைப் பிடித்து வேறு காட்டில் விட்டால்? பை கம்பியிலேயே தொங்கும்; அடுத்த கரடி வரும். விட்ட கரடியும் சும்மா இருக்காது, பழகிய ருசியைத் தேடி அங்கே ஏதாவது ஓர் ஊருக்குள் இறங்கும்.

இதற்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. கரடி வரும் நேரம் நீங்களும் நானும் கதவைத் தாழ்ப்போட்டுப் படுத்திருக்கிறோம். இருட்டு பிரியும் முன்பே பால் கொண்டுவருபவர் வெளியே இருக்கிறார். தேயிலை பறிக்கப் போகும் பெண்கள், செடிக்கு நடுவே எதிரில் என்ன நிற்கிறது என்று தெரியாமல் நடக்கிறார்கள். பை மாட்டியது அவர்கள் இல்லையே.

சரி, சுற்றுலா வண்டிகள். அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் உண்டு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது, அதுவும் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று சீசனுக்கு வரம்பும் வைத்தார்கள். இதெல்லாம் வேண்டும், இன்னும் கடுமையாக வேண்டும். உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில் 2022-இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். காட்டோரம் வீசிவிட்டுப் போயிருக்கும் கை, அந்தப் பத்து ரூபாய்க்காக ஒரு நொடி நின்று யோசித்தது. சட்டம் செய்யக்கூடியது அந்த ஒரு நொடியை உண்டாக்குவதுதான். உங்கள் அடுப்படியில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பையைக் கையில் எடுக்கும்போது எந்தச் சட்டமும் வந்து நிற்காது. அந்த நொடியை நீங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் இறுக்கமான மூடி போட்ட வாளி ஒன்று அடுப்படிக்குள்ளேயே இருக்கிறது. மீன், சோறு, எண்ணெய் பட்டது எல்லாம் அதற்குள். குப்பை வண்டியின் விசில் சத்தம் கேட்ட பிறகுதான் வாசலுக்குப் போகும். எண்ணெயைப் பாக்கெட்டில் ஊற்றிக் கட்டுவதை நிறுத்திவிட்டோம். கொல்லையில் குழி தோண்டி உரமாக்கலாமே என்பார்கள். நம் குளிரில் மட்கவே நாளாகும், திறந்த குழியும் கரடிக்கு விருந்துதான். உரம் வேண்டுமென்றால் காய்கறித் தோலை மட்டும் மூடிய டிரம்மில், காய்ந்த சருகு போட்டுப் போட்டு நிரப்புங்கள்.

உங்கள் வீடு ஒன்று மாறினால் போதாது என்பதும் உண்மை. பக்கத்து வீட்டுப் பை தொங்கினால் கரடி வரத்தான் செய்யும். அதனால் கூண்டு கேட்டு நான் எழுதப்போவதில்லை. தெருமுனையில் கரடி திறக்க முடியாத மூடியுள்ள தொட்டி வேண்டும், வண்டி தினமும் ஒரே நேரத்துக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் தெருவில் எத்தனை வீடு பையை உள்ளே வைக்கச் சம்மதிக்கிறது என்று கேட்டு, கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருந்தால் அடுத்த இதழிலேயே போடுகிறேன்.