குளூட்டன் இல்லாத உணவுக்கு மாறி ஆறு மாதம் ஆகியும் உடம்பு முழுசாகத் தேறவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்குச் சீலியாக் நோய் என்று பயாப்சியில் (குடல் திசுப் பரிசோதனையில்) உறுதியாகி ஆறு மாதம் ஆகிறது. கோதுமை, மைதா, ரவை எதையும் தொடுவதில்லை. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, ஆனால் உப்பசமும் அசதியும் அப்படியே இருக்கின்றன. இந்த உணவு முறை எனக்குப் பலன் தரவில்லையா?

பலன் தந்துகொண்டுதான் இருக்கிறது. வயிற்றுப்போக்கு நின்றதே அதற்கு அடையாளம். சீலியாக் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைச் சேதப்படுத்தும் நோய். எனக்கும் சீலியாக்தான், முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிய வந்தது. பேதி சில வாரங்களில் அடங்கியது, ஆனால் அசதி போய், மாடிப்படி ஏறினால் கால் துவளாத நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. "எப்படியும் சரியாகவில்லை, அப்புறம் எதற்கு இந்தப் பத்தியம்" என்று மட்டும் மனம் விட்டுச் சப்பாத்திக்குத் திரும்பிவிடாதீர்கள்.

யாரும் நமக்கு முன்கூட்டியே சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அறிகுறிகள், ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்) அளவு, குடலின் உட்சுவர், இவை ஒரே வேகத்தில் சரியாவதில்லை. வயிறு சில வாரங்களில் ஓரளவு அமைதியாகலாம். டிடிஜி சாதாரண அளவுக்கு இறங்க ஆறு மாதம், ஒரு வருடம், தொடக்கத்தில் ரொம்ப அதிகமாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும். குடலுறிஞ்சிகள், அதாவது சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள், மறுபடி வளர்வதுதான் எல்லாவற்றையும்விட மெதுவாக நடக்கும், அதிலும் குழந்தைகளுக்குச் சீக்கிரம், பெரியவர்களுக்குத் தாமதம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், உணவு மாறி இரண்டு ஆண்டில் குடல் தேறியிருந்த பெரியவர்கள் 34 சதவீதம்தான், ஐந்து ஆண்டில் 66 சதவீதம். ஆக உங்கள் ஆறு மாதம் ஆரம்பக் கட்டம். இன்னொன்று, டிடிஜி நார்மல் என்று வந்துவிட்டதாலேயே குடலும் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. அறிகுறி நீடித்தால் முதலில் தேட வேண்டியது தெரியாமல் உள்ளே போகிற குளூட்டனைத்தான், ஏனென்றால் அதுதான் மிக அதிகமாகக் காணப்படும் காரணம். கோதுமை, மைதா, ரவை என்று மூன்றைச் சொன்னீர்கள், சேமியாவையும் விட்டிருப்பீர்கள். பெருங்காயத்தைப் பார்த்தீர்களா? கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் கோந்தோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்தால் தெரியும். ஒரு சிட்டிகைதானே என்று தோன்றும், ஆனால் நம் வீடுகளில் அது சாம்பாரில், ரசத்தில், மோரில், ஊறுகாயில், இட்லிப் பொடியில் என்று மூன்று வேளையும் வருகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, அதற்கு மாறுங்கள், இல்லையென்றால் கொஞ்ச நாள் பெருங்காயமே வேண்டாம். கடையில் வாங்கும் சாம்பார் பொடி, ரசப் பொடியிலும் இதே சிக்கல் உண்டு.

அடுத்தது மாவு மில். எங்கள் டயட்டீஷியன் வீட்டுச் சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் கேழ்வரகு மாவு என்றதும் நிறுத்தி, "எங்கே அரைக்கிறீர்கள்?" என்றார். கேழ்வரகிலும் கம்பிலும் தினையிலும் குளூட்டன் கிடையாது, ஆனால் முன்னால் ஒருவர் கோதுமை அரைத்த அதே மிஷினில் நம் கேழ்வரகைக் கொட்டினால் அதில் கோதுமை மாவும் சேர்ந்து வரும். அன்றிலிருந்து வீட்டிலேயே மிக்ஸியில் அரைக்கிறோம், மாவு கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கும், கூழுக்கும் அடைக்கும் அது போதும். சப்பாத்தி சுடும் கல்லிலேயே உங்களுக்கும் தோசை வார்ப்பது, மைதா பஜ்ஜி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பது, இவற்றையும் கவனியுங்கள். ஹோட்டலில் ரவா தோசையும் சாதா தோசையும் ஒரே கல்லில்தான் வரும். இட்லி பாதுகாப்பானது, தொட்டுக்கொள்ளும் சாம்பாரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பார்லி, மால்ட் சேர்த்த பானங்கள், கடையில் வாங்கும் சத்துமாவு, சோயா சாஸ், சாதாரண ஓட்ஸ், இவையும் வேண்டாம்.

இவ்வளவு துல்லியம் தேவையா என்று வீட்டில் கேட்பார்கள், எனக்கும் "ஒரு வாய் சாப்பிட்டா என்னம்மா ஆகிடும்" என்று அன்போடுதான் கேட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 2007-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்ததில் சீலியாக் உள்ளவர்களின் குடலுறிஞ்சிகள் மறுபடி சேதமானது தெரிந்தது. ஒரு சப்பாத்தியில் இருப்பதோ கிராம் கணக்கில். அப்படியென்றால் 50 மில்லிகிராம் என்பது அந்தச் சப்பாத்தியில் ஒரு சின்ன விள்ளல் மட்டும்தான். பாக்கெட்டில் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான்.

இதெல்லாம் சுத்தமாக இருந்தும் உப்பசம் இருக்கிறது என்றால் நான் அடுத்துச் சந்தேகப்படுவது பாலை. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் என்சைம் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் உருவாகிறது, அவை தேய்ந்துபோன காலத்தில் அந்த என்சைமும் குறைந்துவிடும். கோதுமையை விட்டவர்கள் பலர் அந்தப் பசிக்குப் பாலைக் கூட்டிக்கொள்கிறார்கள், காலையிலும் மாலையிலும் காபி, இரவில் ஒரு டம்ளர் பால், அப்புறம் வயிறு கல் மாதிரி இருக்கிறதே என்று தவிக்கிறார்கள். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும், அவற்றில் லாக்டோஸ் குறைவு. என்சைம் குறைந்தது இப்படிக் குடல் சேதத்தால்தான் என்றால், குடல் ஆற ஆற பாலும் பெரும்பாலும் திரும்ப ஒத்துக்கொள்ளத் தொடங்கும், எனக்கு அப்படித்தான் ஆனது.

அசதி தனிக் கதை. இரும்பு, ஃபோலேட், கால்சியம் இதெல்லாம் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் மேல் பகுதியில், சீலியாக் முதலில் அடிப்பதும் அங்கேதான். வருடக்கணக்கில் காலியான இருப்பு வெறும் உணவு மாற்றத்தால் ஆறு மாதத்தில் நிரம்பாது. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "சரி" என்று விட்டுவிடாமல் ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டும் முக்கியம், சீலியாக் உள்ளவர்களுக்குத் தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் மற்றவர்களைவிட அதிகம், அதன் அசதியும் இதே மாதிரிதான் இருக்கும். எலும்பு அடர்த்தி பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். மாத்திரைகளில் சேர்க்கும் மாவுச்சத்து எதிலிருந்து வருகிறது என்று மருந்துக் கடையில் கேட்டால் பதில் கிடைக்காது, தயாரிப்பாளருக்கு எழுதினால் சொல்வார்கள்.

மலச்சிக்கல் புதிதாக வந்திருந்தால் பயப்பட வேண்டாம், கோதுமை போய் மூன்று வேளையும் வெள்ளை அரிசி என்றானதும் நார்ச்சத்து குறைந்துவிடுகிறது, கீரையும் பயறும் சிறுதானியமும் கூட்டினால் சீராகும்.

இவை எதிலும் அகப்படாவிட்டால், மருத்துவர் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு: சிறுகுடலில் கிருமிகள் பெருகுவது, கணையத்தின் செரிமான நீர் குறைவது, நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற பெருங்குடல் அழற்சி, சீலியாக்கோடு சேர்ந்தே இருக்கும் ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்). ஐபிஎஸ் என்றால் வெங்காயமும் பூண்டும்கூட உப்பசம் தரும், அதற்கும் குளூட்டனுக்கும் சம்பந்தமில்லை. கண்டிப்பான பத்தியத்தில் ஒரு வருடம் தாண்டியும் குடல் தேறாத வகை ஒன்று உண்டு, அது மிக அரிது, ஆறாவது மாதத்தில் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் எடை குறைந்துகொண்டே போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ராத்திரியில் எழுப்புகிற வயிற்றுப்போக்கு இருந்தாலோ, பேதி திரும்ப வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

நம் ஊரில் இதில் பழகிய மருத்துவர் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் சீலியாக் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது, தென்னிந்தியாவில் 0.10 சதவீதம்தான். குடல் மருத்துவரிடமே தொடர்ந்து போங்கள். டயட்டீஷியன் ஒருவர் உங்கள் சமையலறைப் பட்டியலை வரி வரியாகப் பார்ப்பது, இன்னொரு எண்டோஸ்கோபிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: பரிசோதனை எதுவும் செய்யாமல் நீங்களாகவே கோதுமையை நிறுத்தியிருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு முழுசாகப் பொருந்தாது. நிறுத்திய பிறகு எடுக்கும் டிடிஜியும் பயாப்சியும் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும், அதனால் மருத்துவரிடம் பேசிவிட்டு எப்போது, எப்படிச் சோதிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

கேட்டவருக்கு: நோய் தெரிந்தபோது உங்கள் டிடிஜி எவ்வளவு, இப்போது எவ்வளவு, ஃபெரிட்டின் எவ்வளவு, தினமும் எவ்வளவு பால் சேர்கிறது என்று கருத்தில் எழுதுங்கள். டிடிஜி பாதியாகவாவது இறங்கியிருந்தால் நீங்கள் சரியான வழியில் இருப்பதாகத்தான் நான் நினைப்பேன். இறங்காமலே நின்றிருந்தால் பெருங்காய டப்பாவிலிருந்தும் மாவு மில்லிலிருந்தும் தேடத் தொடங்குங்கள்.