நிலத்தை அடகு வைக்க வேண்டாம், பிள்ளை சிவில் படிக்கட்டும்

அம்மா, உங்கள் மெசேஜைப் படித்தேன். மகள் சிவில் கேட்கிறாள், சித்தப்பா வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள், மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு நிலத்தை அடகு வைக்கலாமா என்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் வைக்கக் கூடாது. அவள் மனசு ஒட்டாமல் பாதியில் நின்றாலும் வட்டி நிற்காது.

போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, போர்வெல் போட்டபோது வெளியே வந்த மண்ணைப் பிடித்து, கவரில் கட்டி, மேலே ஆழம் எழுதி வைத்தாள் என்று. உங்களுக்கு அது விளையாட்டு. சிவிலிலேயே மண்ணையும் அஸ்திவாரத்தையும் ஆராய்கிற ஜியோடெக்னிக்கல் துறையில் அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஒரு ரன்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தெரிவது தாரும் கான்கிரீட்டும்தான், தலைவலி எல்லாம் அடியில். ஜப்பானில் கடலுக்குள் மண்ணைக் கொட்டித் தீவாக்கி, 1994இல் கன்சாய் விமான நிலையத்தைத் திறந்தார்கள். கடலடியில் களிமண். பாரம் ஏறினால் அதிலுள்ள தண்ணீர் கசிந்து கசிந்து வெளியேற வருடக்கணக்காகும், அதுவரை தரை இறங்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் வடியட்டும் என்று லட்சக்கணக்கில் மணல் தூண்களை இறக்கினார்கள். மேலடுக்கு வழிக்கு வந்தது, அதற்கும் கீழே ஆழத்தில் கிடந்த களிமண்ணுக்கு அந்தத் தூண்கள் எட்டவில்லை. முதல் தீவு 10 மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது, இன்னும் இறங்குகிறது. டெர்மினல் தூண்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் தகடு செருகுகிறார்கள். எல்லா இடமும் ஒரே அளவு இறங்கினால்கூடச் சமாளித்துவிடலாம், ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் இறங்கினால் ஓடுதளம் மேடுபள்ளமாகிவிடும். இங்கே நவி மும்பை விமான நிலையத்துக்கும் சதுப்பு நிலம்தான், குன்றை வெடிவைத்துத் தகர்த்து, உல்வே ஆற்றையே திருப்பிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் முதல் வேலை துளை போட்டுப் பார்ப்பது. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் மண்ணுக்குள் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும் (முதல் 15 செ.மீ. கணக்கில் வராது). மண் எவ்வளவு கெட்டி என்று அதில் தெரியும். பக்கத்தில் நின்று எண்ணாமல் நிழலில் உட்கார்ந்து நம்பர் போடுகிற ஆட்களும் உண்டு. கவரில் ஆழம் எழுதி வைக்கிற பிள்ளை அப்படிச் செய்யாது.

பி.இ. சிவில் முடித்து, மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வை எழுதட்டும். கிண்டி பொறியியல் கல்லூரியில் மண்ணுக்கும் அஸ்திவாரத்துக்கும் என்றே தனி எம்.இ. இருக்கிறது. கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யை விடக் குறைவாகவே இருக்கும், வெயிலில் நிற்கவும் வேண்டும்; இரண்டையும் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங்கை அவளே செய்யட்டும். பாஸ்வேர்டை மட்டும் சித்தப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.