பெருந்துறை நண்பருக்கு: 4கே படம் திக்கித் திக்கி ஓடுவது பற்றி

வணக்கமுங்க. மூணாம் தலைமுறை இன்டெல் ஐ5 கம்ப்யூட்டர்ல ஜெல்லிஃபின் (நம்ம படங்களை டிவிக்கு அனுப்புற சர்வர் மென்பொருள்) போட்டு, 4கே படம் டிவியில நின்னு நின்னு ஓடுது, கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாமுங்க, அந்தக் காசு வீண்.

முதல்ல படம் ஓடும்போதே ஜெல்லிஃபின் டேஷ்போர்டைப் பாருங்க. 'டிரான்ஸ்கோடிங்'னு காட்டினா, சர்வர் படத்தை வேற வடிவத்துக்கு மாத்தி அனுப்புதுன்னு அர்த்தம். 4கே படம் பெரும்பாலும் 10-பிட் எச்.265ங்கிற சுருக்க முறையில இருக்கும். அதைப் பிரிக்கிற வசதி இன்டெல்ல ஏழாம் தலைமுறையிலதான் முழுசா வந்துச்சு. உங்க பழைய சிப் மொத்தப் பாரத்தையும் தானே சுமக்குது, பாவம். எழுத்தா இல்லாம படமா (இமேஜா) இருக்கிற சப்டைட்டிலும் இதே வேலையைக் கிளப்பிவிடும். சப்டைட்டிலை அணைச்சுட்டு ஒருக்கா ஓட்டிப் பாருங்க.

'டைரக்ட் ப்ளே'ன்னு, அதாவது படத்தை மாத்தாம அப்படியே அனுப்புதுன்னு காட்டியும் திக்கினா குத்தம் பெரும்பாலும் நெட்வொர்க்லதான். நிறைய டிவியில லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். ப்ளூ-ரேயிலிருந்து சுருக்காம எடுத்த 4கே ஃபைல் அதைச் சில நேரம் தாண்டிரும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதுக்குத் தேவலாம்.

கம்ப்யூட்டரை மாத்தியே ஆகணும்னா இன்டெல் என்100 சிப் இருக்கிற மினி பிசி, 8 ஜிபி ரேம். வீட்டுக்கு அது தாராளமுங்க, கரண்டும் கொஞ்சமாத்தான் இழுக்கும். வாங்கினதும் ஜெல்லிஃபின் செட்டிங்ஸ்ல குயிக் சிங்க்கை (இன்டெல் சிப்லயே இருக்கிற வீடியோ மாத்துற வசதி) ஆன் பண்ண மறந்துறாதீங்க. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு யூபிஎஸ்சும் போட்டுருங்க.